எஸ்.சி. தாத்தாவுக்கு லண்டன் பென்ஷன் உண்டா? பையனை நேவிக்கு அனுப்பலாமா?

வாசகர் கேள்வி, மார்ச் 2

எங்கள் தாத்தா மலாயா அவசரகாலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாக (எஸ்.சி.) இருந்தவர். இறந்து ரொம்ப வருடம் ஆகிறது. பிரிட்டிஷ்காரர்கள் பழைய பட்டாளத்து ஆட்களின் வாரிசுகளுக்குப் பென்ஷன் பாக்கி கொடுக்கிறார்களாம். லண்டனுக்கு எழுதி வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் 800 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார். கொடுக்கலாமா? இன்னொரு விஷயம். அக்கா மகன் எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) முடித்துவிட்டு நேவியில் ஆபீசர் கேடட்டுக்கு (பயிற்சி அதிகாரி வேலைக்கு) மனுப் போடுவேன் என்று நிற்கிறான். வீட்டில் யாருக்கும் இஷ்டமில்லை. தாத்தா துப்பாக்கி தூக்கி என்ன கண்டார் என்கிறார் அம்மா. நம்மவர்களை ஆபீசராக எடுக்கவே மாட்டார்கள் என்று மாமா சொல்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 2, இரவு

காசு கொடுக்காதீர்கள், தம்பி. ஐசி (அடையாள அட்டை) நகல், தாத்தாவின் இறப்புப் பத்திரம் எதையும் அந்த ஆளிடம் கொடுக்க வேண்டாம். காரணத்தை நாளைக்கு விவரமாக எழுதுகிறேன்.

மார்ச் 3

1948 ஜூன் 16 காலையில் நம் ஊருக்குப் பக்கத்தில் எல்ஃபில் தோட்டத்தில் கம்யூனிஸ்டுகள் ஒரு துரையைச் சுட்டார்கள். அதே காலையில் சற்றுத் தள்ளி பின் சூன் தோட்டத்தில் இன்னும் இருவரைச் சுட்டார்கள். ஜூன் 18-க்குள் நாடு முழுக்க அவசரகாலம். தோட்டம் தோட்டமாகக் காவலுக்கு ஆள் தேவைப்பட்டது. பால் வெட்டிக்கொண்டிருந்தவர், ஸ்டோரில் ரப்பர் ஷீட் அடுக்கியவர், மண்டோரின் மச்சான் என்று கையில் கிடைத்தவர்களுக்கெல்லாம் காக்கிச் சட்டையும் 303 துப்பாக்கியும் கொடுத்தார்கள். துரை பங்களா, புகைவீடு, சம்பளப் பணம் வரும் வண்டி, 1950-க்குப் பிறகு லயங்களை (தொழிலாளர் வீட்டு வரிசைகளை)ச் சுற்றிப் போட்ட முள்வேலிக் கதவு எல்லாம் அவர்கள் காவலில்தான்.

ஆனால் எஸ்.சி. என்பது போலீஸ் சம்பந்தப்பட்ட வேலை. பட்டாளம் இல்லை. சம்பளம் கொடுத்தது மலாயா அரசாங்கம். அதுவும் தற்காலிக வேலை. அவசரகாலத்துக்கு எடுத்தார்கள், தேவை குறைந்ததும் அனுப்பிவிட்டார்கள். பென்ஷன் என்பது உழைப்பைப் பார்த்து வருவதில்லை. எந்த வகை வேலையில் பெயர் பதிந்திருக்கிறது, அந்த வகைக்குப் பென்ஷன் உண்டா, அதற்குரிய வருடங்கள் முடிந்தனவா என்று பார்த்துத்தான் வரும். உங்கள் தாத்தாவின் வேலை அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

அப்படியே பென்ஷன் இருந்திருந்தாலும், அது அவருக்கு, அவருக்குப் பிறகு மனைவிக்கு, வயது வராத பிள்ளைகளுக்கு. அத்துடன் முடிந்தது. பேரனுக்குப் பென்ஷன் பாக்கி என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம்.

மார்ச் 3, பின்னிரவு

இந்த வதந்தி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். லண்டனில் காமன்வெல்த் முன்னாள் படைவீரர்களுக்கான ஒரு சங்கம் 1921-லிருந்து இருக்கிறது. தங்கள் நாடு சுதந்திரம் அடையும் முன் பிரிட்டிஷ் மகுடத்தின் படைகளில் இருந்து, இன்று வறுமையில் இருக்கும் முதியவர்களுக்குச் சாப்பாடு, மருந்துக்கு உதவுவார்கள். 2018-ல் பிரிட்டிஷ் அரசு அதற்குப் பெரிய தொகை ஒதுக்கியது. அந்தச் செய்தி வாட்சாப்பில் சுற்றிச் சுற்றி "வாரிசுப் பென்ஷன்" ஆகிவிட்டது. அது உதவித்தொகை. உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும். ஏஜெண்டுக்கு அதில் வேலையே கிடையாது.

மார்ச் 5

ஒரு நண்பர், "வெள்ளைக்காரன் இந்தியனுக்குப் பென்ஷனே கொடுத்ததில்லை" என்று எழுதியிருக்கிறார். அப்படி இல்லை, ஐயா. மலாய் ஸ்டேட்ஸ் கைட்ஸ் என்று 1896-லிருந்து 1919 வரை இங்கே ஒரு படை இருந்தது. பேராக் சீக்கியப் படையிலிருந்து உருவானது. அது எஸ்.சி. போலத் தற்காலிகம் இல்லை, பென்ஷன் வரக்கூடிய நிரந்தரப் படை. பிரிட்டிஷ் படையில் இருந்த நேபாளக் கூர்க்காக்களுக்கும் 15 வருடம் முடித்தால் பென்ஷன் இருந்தது, பிரிட்டன், இந்தியா, நேபாளம் செய்த 1947 முத்தரப்பு ஒப்பந்தப்படி இந்தியப் படையின் விகிதத்தில். தொகை குறைவு என்று அவர்கள் பல வருடம் லண்டன் வரை போய்ப் போராடியது வேறு கதை. 1960-களின் கடைசியில் படையைக் குறைத்தபோது 15 வருடம் நிரம்பாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்ட கூர்க்காக்கள் பலர். அவர்களுக்கு ஒரு தடவைப் பணம், அவ்வளவுதான். ஒரே படை, ஒரே காடு, ஒரே குண்டு. வருடக் கணக்கு குறைந்ததால் ஆயுளுக்கும் மாதப் பணம் இல்லை.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, பென்ஷன் உள்ள படைகளின் கதவு தோட்டத்துத் தமிழனுக்கு எப்போது திறந்தது என்பது. 1933-ல் போர்ட்டிக்சனில் 25 பேருடன் மலாய் ரெஜிமெண்ட் தொடங்கியது, மலாய்க்காரர்களுக்கு மட்டும். கடற்படையிலும் அதே கதை. 1934-ல் சிங்கப்பூரில் தொடங்கிய தன்னார்வக் கடற்படைக்குப் பிறகு, 1939-ல் ராயல் நேவியின் மலாய்ப் பிரிவு வந்தது. பெயரே சொல்லிவிடுகிறது. 1947-ல் செலவைக் காட்டி அதைக் கலைத்தார்கள். 1948 கடைசியில் மலாயன் நேவல் ஃபோர்ஸ் என்று மறுபடி ஆரம்பித்தபோதுதான் மற்ற இனத்தாருக்கும் வழி கிடைத்தது. அதே வருடம் நம் ஊரில் என்ன நடந்தது? தோட்டத்துப் பையன்களை எஸ்.சி.யில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். நேவிக்கு ஆள் எடுக்கும் செய்தி லயத்துக்கு வரவே இல்லை. துப்பாக்கியோடு காவல் நிற்க ஆள் வேண்டும் என்ற செய்தி மட்டும் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) வழியாக உடனே வந்தது.

எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் இதுதான். நம் ஆட்களிடம் தைரியத்துக்குக் குறைவில்லை. அவர்களைச் சேர்த்த இடத்தில் பென்ஷன் இல்லை.

மார்ச் 6

என் தாத்தாவும் எஸ்.சி.தான். அவருடைய காகிதம் என்னிடம் இருக்கிறது. நாலாக மடித்து மடித்து, மடிப்பில் எழுத்து போய்விட்டது. பெயர், எண், சேர்ந்த தேதி, விட்ட தேதி, நடத்தை நல்லது என்று ஒரு வரி, ஓர் அதிகாரியின் கையெழுத்து. கீழே தாத்தாவின் கைநாட்டு, மை ஊறி ரேகை தெரியாமல் பரவியிருக்கிறது. பணம் சம்பந்தமாக அதில் ஒரு வார்த்தை இல்லை.

அதற்குப் பக்கத்தில் என் சித்தப்பாவின் நேவிப் புத்தகத்தை வைத்துப் பார்க்கிறேன். அவர் கான்ஃபிரண்டாசி (இந்தோனேசியாவோடு மோதல்) சமயத்தில் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் இருந்த கேடி மலாயா கடற்படைத் தளத்தில் சேர்ந்தவர். ஆபீசர் இல்லை, எஞ்சின் ரூம் ஆள். அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு வரி. ஏறிய நாள், இறங்கிய நாள், பதவி உயர்வு, படித்த கோர்ஸ், பென்ஷனுக்குக் கணக்காகும் வேலைக்காலம். 21 வருடத்தைத் தாண்டி வெளியே வந்தார். மாதாமாதம் பென்ஷன் வந்தது. அவர் போன பிறகு சித்திக்குத் தெர்பித்தான் பென்ஷன் (மனைவிக்கு வரும் பென்ஷன்) வருகிறது. சித்தி அந்தப் பணத்தில்தான் பேத்திக்கு டியூஷன் கட்டுகிறார்.

ஒரே குடும்பம். தாத்தா ராத்திரி ராத்திரியாகக் கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து பயந்து வேலியோரம் நின்றவர். சித்தப்பா கப்பலில் எஞ்சினைத் துடைத்து, எண்ணெய் ஊற்றி, வாந்தி எடுத்து, பதவி வாங்கியவர். இரண்டும் உழைப்புத்தான். சித்தப்பாவின் வருடங்களை மட்டும் ஒருவர் உட்கார்ந்து புத்தகத்தில் எழுதிக்கொண்டே வந்தார்.

மார்ச் 6, மாலை

ஒருவர் ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போடப் போனவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அவர்கள் பட்டாளம் இல்லை, கூலிகள். 415 கிலோமீட்டர் பாதை. நம் தோட்டங்களிலிருந்து லாரி லாரியாக ஆளை ஏற்றிக்கொண்டு போனார்கள், பாதிப் பேருக்குமேல் திரும்பவில்லை என்ற தோட்டங்கள் உண்டு. 1967-ல் ஜப்பான் மலேசியாவுக்கு 2.5 கோடி வெள்ளி மதிப்புக்குப் பொருளும் சேவையும் தருவதாக ஒப்பந்தம் செய்தது. அதில் இரண்டு சரக்குக் கப்பல்கள் வந்தன. அது நாட்டுக்கு வந்தது. லயத்தில் தாலி அறுத்த பெண்களின் கைக்கு வரவில்லை.

நேதாஜியின் ஐஎன்ஏ-வில் (இந்திய தேசிய ராணுவம்) சேர்ந்தவர்களைப் பற்றியும் கேட்கிறார். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்த பிறகு நம் தோட்டங்களிலிருந்து பையன்களும், ஜான்சி ராணிப் படைக்குப் பெண்களும் போனார்கள். இந்திய அரசு 1972-ல் விடுதலைப் போராட்ட வீரர்களுக்குப் பென்ஷன் திட்டம் கொண்டு வந்தது. ஐஎன்ஏ வீரர்களும் அதில் உண்டு. ஆனால் இங்கேயே தங்கி, இந்த நாட்டுக் குடிமக்கள் ஆகிவிட்ட தோட்டக்காரர்களுக்கு அது எட்டாத தூரம். ஜான்சி ராணிப் படையின் துணைத் தலைவியாக இருந்த ஜானகி ஆதி நாகப்பனுக்கு 2000-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அது மரியாதை, மனம் குளிர்கிறது. தோட்டத்தில் பால் வாளியோடு முடிந்துபோனவர்களையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மார்ச் 8

சரி, பையன் விஷயத்துக்கு வருகிறேன்.

"நம்மவர்களை ஆபீசராக எடுக்க மாட்டார்கள்" என்ற மாமாவுக்கு ஒரு பெயர் போதும். தனபாலசிங்கம். 1936-ல் கோலாலம்பூரில் பிறந்த தமிழர். 1955-ல், மெர்டேக்காவுக்கு (சுதந்திரத்துக்கு) முன்பே, கேடட்டாகச் சேர்ந்தார். இங்கிலாந்தில் டார்ட்மவுத் கடற்படைக் கல்லூரியில் பயிற்சி. அவருக்கு முன்னால் நம் கடற்படைக்குத் தலைவர்களாக இருந்தவர்கள் எல்லாம் இரவலாக வந்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய அதிகாரிகள். 1967 டிசம்பர் 1-ல் இந்த நாட்டுக்காரர் ஒருவர் முதன்முறையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு அப்போது 31 வயது! 1976 வரை தலைவராக இருந்தார்.

இந்தியாவிலும் இப்படி ஒன்று உண்டு. பம்பாயில் டஃபெரின் என்ற பயிற்சிக் கப்பலில் 1927-ல் இந்தியப் பையன்களைக் கேடட்டுகளாக எடுக்க ஆரம்பித்தார்கள். முதல் அணியில் இருந்த கடாரி, செங்கல்பட்டில் பிறந்தவர், 1958-ல் இந்தியக் கடற்படையின் முதல் இந்தியத் தலைவர் ஆனார். கேடட்டுக்கான கதவைத் திறந்தால் முப்பது வருடத்தில் தலைவர் வருகிறார். கதவு திறக்காத இடத்தில் எத்தனை கெட்டிக்காரன் இருந்தாலும் காவல்காரன்தான்.

இன்றைக்குப் படையில் நம்மவர் மிகக் குறைவு என்பது உண்மை, அரசாங்கமே அதைச் சொல்கிறது. ஆனால் மனுவே போடாமல் "எடுக்க மாட்டார்கள்" என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அரசியலமைப்புச் சட்டத்தின் 136-வது பிரிவு, கூட்டரசுப் பணியில் ஒரே தரத்தில் இருக்கும் எல்லோரையும் இனம் பார்க்காமல் சமமாக நடத்த வேண்டும் என்கிறது. 147-வது பிரிவு கொடுத்த பென்ஷன் உரிமையைக் காக்கிறது. தாத்தா துப்பாக்கி தூக்கிய 1948-ல் இந்த இரண்டு பிரிவும் இல்லை.

மார்ச் 9

பையனுக்கு வேண்டியவை. அவனே படிக்கட்டும்.

மனு இணையத்தில்தான். கட்டணம் கிடையாது. யாராவது "உள்ளே ஆள் இருக்கிறது" என்று பணம் கேட்டால், லண்டன் பென்ஷன் ஆளின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். மலேசியக் குடிமகனாக இருக்க வேண்டும். ஐசி, சூராட் பெரானாக் (பிறப்புப் பத்திரம்), அம்மா அப்பா ஐசி நகல் எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். நம் ஊரில் அப்பா பெயர் ஒரு காகிதத்தில் ஓர் எழுத்து கூடியும் இன்னொன்றில் குறைந்தும் இருப்பது சர்வ சாதாரணம். எஸ்பிஎம் சான்றிதழ் கிடைக்கவே பஹாசா மலேசியாவில் தேற வேண்டும், 2013-லிருந்து வரலாற்றிலும் தேற வேண்டும். ஆபீசர் மனுவுக்கு அதற்கு மேலே கிரெடிட் கேட்பார்கள். ஒவ்வொரு அழைப்பிலும் பாடங்கள் மாறும், விளம்பரத்தை வரி வரியாகப் படிக்க வேண்டும்.

கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. நிறக்குருடு இருந்தால் நேவி எடுக்காது. கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. இருட்டில் எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்று அந்த நிறத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். தவறிச் சொன்னால் இரண்டு கப்பலும் மோதும். புள்ளிப் புள்ளியாக எண் மறைந்திருக்கும் அட்டை மூக்குக்கண்ணாடிக் கடையில் இருக்கும், ஐந்து நிமிட வேலை. பல பையன்கள் தங்களுக்கு இந்தக் குறை இருப்பதையே தேர்வு நாளில்தான் தெரிந்துகொள்கிறார்கள். அன்றைக்கு அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காது.

நீச்சல். தயவு செய்து பழைய ஈயக்குட்டையில் பழக விடாதீர்கள். அடியில் எங்கே பள்ளம், எங்கே சேறு என்று யாருக்கும் தெரியாது. ஈப்போவில் குளம் இருக்கிறது, காசு கட்டிச் சொல்லிக்கொடுக்கும் ஆளும் இருக்கிறார்கள்.

மார்ச் 9, இரவு

காலையில் எழுதியதில் முக்கியமான ஒன்று விட்டுப்போனது. ஆபீசரிலும் இரண்டு வகை உண்டு. நிரந்தரத் தௌலியா (அதிகாரி நியமனம்) ஒன்று, குறுகிய காலத் தௌலியா ஒன்று. குறுகிய காலத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, காலம் முடிந்ததும் பென்ஷன் எங்கே என்று தேடினால் எஸ்.சி. கதைதான் மறுபடி. சாதாரணப் படைவீரர்களிலும் 21 வருடம் முடிக்காமல் வெளியே வந்து, பென்ஷன் இல்லாத வெட்ரான் (முன்னாள் வீரர்) என்று இருப்பவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள், எல்லா இனத்திலும்.

1972-ல் தொடங்கிய படைவீரர் சேமநிதி வேறு, பென்ஷன் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நியமனக் கடிதம் வந்தால், எந்த வகை, எத்தனை வருடம், பென்ஷனுக்கு உரியதா என்ற மூன்று வரியைத் தேடிப் பையன் விரலை வைத்துக் காட்டட்டும். சித்தப்பா பெரியப்பா சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம். என்னையும் நம்ப வேண்டாம், கடிதத்தை நம்புங்கள்.

மார்ச் 12

கடற்படைப் பென்ஷன் எப்போது தொடங்கியது என்று ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார். 1590 வாக்கில், ஸ்பானியக் கப்பல் படையோடு இங்கிலாந்து மோதிய கொஞ்ச நாளில். காயம்பட்ட மாலுமிகள் தெருவில் கிடந்தார்கள். சாத்தம் என்ற துறைமுகத்தில் ஓர் இரும்புப் பெட்டி வைத்து, ஒவ்வொரு மாலுமியின் மாதச் சம்பளத்திலிருந்தும் 6 பென்ஸ் பிடித்து அதில் போட்டார்கள். ஊனமானவர்களுக்கு அதிலிருந்து பணம். ஒரு ஆள் தனியாகத் திறந்துவிடக் கூடாது என்று பெட்டிக்கு ஐந்து பூட்டு, ஐந்து சாவியும் ஐந்து பேரிடம். அப்படியும் பணம் வேறு செலவுக்குப் போன வருடங்கள் உண்டு.

அது மாலுமிகளின் சொந்தக் காசு என்பதைக் கவனியுங்கள், டீச்சர். அரசன் கொடுத்த பிச்சை இல்லை. இங்கே சிலர் பென்ஷன் வாங்குபவர்களைச் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று பேசும்போது எனக்கு இந்தப் பெட்டிதான் நினைவுக்கு வரும்.

மார்ச் 14

பையனின் பாட்டியை, அதாவது கேள்வி கேட்ட தம்பியின் அம்மாவைப் பற்றி இரண்டு நாளாக யோசிக்கிறேன். "தாத்தா துப்பாக்கி தூக்கி என்ன கண்டார்" என்பது விவரம் தெரியாத பேச்சு இல்லை. அந்த அம்மா கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார். தாத்தா ராத்திரி காவலுக்குப் போனால் விடியும்போது உயிரோடு வருவாரா என்று வீடே கதவோரம் உட்கார்ந்திருந்த காலம் அது. அவசரகாலம் 1960-ல் முடிந்தது, மறுநாளே பழைய பால் வாளி. இதற்குப் பிறகு அவர் எப்படிச் சீருடையை நம்புவார்?

அதனால் அவரிடம் தனபாலசிங்கம் கதையைச் சொல்லிப் பயன் இல்லை. சாதாரணமாகச் சொல்லுங்கள். "ஆத்தா, தாத்தாவுக்குக் கொடுத்தது தற்காலிக வேலை. இவன் கேட்பது நிரந்தர வேலை. காகிதத்தில் பென்ஷன் என்று எழுதியிருந்தால்தான் இவன் போவான், இல்லாவிட்டால் போக மாட்டான்." அதற்கு மேலும் அவருக்கு மனசில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம், கொஞ்ச நாள் விடுங்கள். கேடட் அழைப்பு மறுபடியும் வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பென்ஷனுக்காக மட்டும் பையன் போகக் கூடாது. கடல் பிடிக்க வேண்டும், அதிகாலை எழ வேண்டும், கத்துவதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். பென்ஷன் பாட்டியின் கேள்விக்குப் பதில். பையனின் காரணம் பையனிடமிருந்து வர வேண்டும்.

மார்ச் 15

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார். ஏஜெண்டுக்குப் பணம் கொடுக்கவில்லையாம். நல்லது. பையன் ஏன் நேவி என்று கேட்டதற்கு, பள்ளியிலிருந்து லுமுட்டுக்குக் கூட்டிப்போனபோது போர்க்கப்பலைப் பக்கத்தில் பார்த்தானாம், அன்றிலிருந்து எஞ்சின் படம்தான் வரைகிறானாம். போதுமான காரணம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நம் ஊரிலிருந்து ஈப்போ தாண்டிச் சித்தியவான் வழியாக லுமுட் போக ரொம்ப நேரம் ஆகாது. கடற்படைத் தளம் இத்தனை பக்கத்தில் இருந்தும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதன் வாசலைப் பார்த்திருப்பார்கள்? பள்ளிக்கூடங்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது கூட்டிப்போக வேண்டும். பெற்றோர் சங்கக் கூட்டத்தில் நான் இதைக் கேட்கப் போகிறேன்.

எஞ்சின் பிடிக்கிறது என்றால் தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், சுங்கை பெசியில் இருக்கிறது. பட்டமும் கேடட் பயிற்சியும் சேர்ந்தே நடக்கும். கணிதம், பௌதிகம் இரண்டிலும் அவன் மதிப்பெண் என்ன?

மார்ச் 17

கணிதம் ஏ, பௌதிகம் பி, வரலாறு சி என்று எழுதியிருக்கிறார். மனுப் போடட்டும். சூராட் பெரானாக்கில் தாத்தா பெயரின் கடைசி எழுத்து இல்லாமல் அப்பா பெயர் பதிவாகியிருக்கிறது என்கிறார், ஐசியில் சரியாக இருக்கிறதாம். அதை மனுவுக்கு முன்னால் பதிவிலாகாவில் திருத்த வேண்டும், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால் நேர்காணல் மேசையில் மாட்டும். அப்பாவின் பழைய பிறப்புப் பத்திரம், திருமணப் பதிவு, பையனின் ஐசி மூன்றின் அசலும் நகலும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை காலையிலேயே போங்கள், மத்தியானம் கூட்டம் அதிகம். கண் பரிசோதனையை அன்றைக்கே முடித்துவிடலாம்.